துணைநூற்பட்டியல் எழுதுவது எப்படி: நெல்லைச் சீமை ஆய்வு மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

துணைநூற்பட்டியலைப் பெரும்பாலான மாணவர்கள் ஆய்வேடு பைண்டிங்குக்குப் போகும் வாரத்தில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அதற்குள் நூலகத்துப் புத்தகங்கள் திரும்பப் போயிருக்கும். ஜெராக்ஸ் எடுத்த தாள்களில் தலைப்புப் பக்கம் இருக்காது. எந்தப் பதிப்பைப் பார்த்தோம் என்பதும் மறந்திருக்கும். பிறகு இணையத்தில் கிடைத்த ஆண்டையும் பதிப்பகத்தையும் போட்டு இடத்தை நிரப்புவார்கள். பட்டியல் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அதை நம்பி ஒருவர் அந்த நூலைத் தேடிப் போய்ப் பக்கத்தைத் திருப்பினால் அந்த வரி அங்கே இருக்காது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியைத்தான் சுற்றி வரும்: நீங்கள் கையில் பிடித்துப் படித்த பிரதி எதுவோ, அதையே குறிப்பிடுங்கள். இன்னொருவர் உங்கள் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அதே பக்கத்துக்கு, அதே கல்வெட்டுக்கு, அதே பாடகரின் அதே பாட்டுக்குப் போய்ச் சேர முடிய வேண்டும். வெளியூரிலிருந்து வருபவருக்குப் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்கு வழி சொல்வதைப் போலத்தான் இது. ‘மார்க்கெட் பக்கம்’ என்று சொன்னால் அவர் அலைவார், தெருவும் கதவு எண்ணும் சொன்னால் நேராக வந்துவிடுவார். காற்புள்ளி, அரைப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் படிப்பவர்களை மனத்தில் வைத்தே அதிகம் எழுதியிருக்கிறேன். நெல்லைச் சீமையில் ஆய்வு செய்பவருக்கு அச்சு நூலோடு ஏடு, கல்வெட்டு, வில்லுப்பாட்டு, கலெக்டர் அலுவலகக் கோப்பு என்று பலவகைச் சான்றுகள் கைக்கு வரும். பொதுவான கையேடுகள் இவற்றைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

முதல் படி: எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்

சான்று காட்டும் முறைகள் பல உண்டு. மொழி, இலக்கியத் துறைகளில் எம்எல்ஏ முறை (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் வகுத்தது). அதன் 9ஆம் பதிப்பு 2021இல் வந்தது. கல்வியியல், உளவியல், சமூக அறிவியலில் ஏபிஏ முறை (அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்தது). அதன் 7ஆம் பதிப்பு 2019இல் வெளியானது. வரலாற்றுத் துறையில் அடிக்குறிப்போடு கூடிய சிகாகோ முறை. பொறியியலில் ஐஇஇஇ, மருத்துவத்தில் வான்கூவர். இவை இரண்டிலும் கட்டுரையில் வரும் வரிசைப்படி எண் கொடுப்பார்கள்.

தமிழ்த் துறைகளில் இவற்றுக்கு வெளியே ஒரு வழக்கும் உண்டு. இயல் முடிவில் ‘சான்றெண் விளக்கம்’ என்று எண் வரிசையில் சான்றுகள், ஆய்வேட்டின் முடிவில் அகர வரிசையில் துணைநூற்பட்டியல். முதன்மைச் சான்று, துணைமைச் சான்று என்று பட்டியலைப் பிரிப்பதும் இந்த வழக்கில் உண்டு. நெறியாளரிடம் முதல் மாதத்திலேயே கேட்டு, அந்தத் துறையில் அண்மையில் ஏற்கப்பட்ட ஓர் ஆய்வேட்டை மாதிரியாக வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: பட்டியலில் மேற்கோள் காட்டிய நூல்கள் மட்டும் வர வேண்டுமா, படித்துப் பயன்பட்டவை எல்லாம் வரலாமா? ஏபிஏ முறையில் மேற்கோள் காட்டியவை மட்டுமே இடம்பெறும். தமிழ்த் துறை வழக்கில் படித்தவற்றையும் சேர்ப்பது உண்டு. என் கருத்தில், எடுத்துப் பயன்படுத்தாத நூல்களால் பட்டியலை நீட்டுவதால் எந்தப் பெருமையும் வராது. வாய்மொழித் தேர்வில் அந்த நூலைப் பற்றிக் கேள்வி வந்தால் சங்கடம்தான் மிஞ்சும்.

இரண்டாம் படி: படிக்கும் அன்றே குறித்துவிடுங்கள்

புத்தகத்தைத் திறந்ததும் அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். அட்டையில் நூல்பெயர் சுருக்கமாக இருக்கலாம், ஆண்டு பெரும்பாலும் இருக்காது. பின்பக்கத்தில்தான் முதற்பதிப்பு எப்போது, இப்போது கையில் இருப்பது எத்தனையாவது பதிப்பு, உரிமை யாருக்கு, அச்சகம் எது என்பதெல்லாம் இருக்கும். கைபேசியில் அந்த இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போதும் தேவையான பக்கங்களுக்கு முன்னால் இந்த இரண்டையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், நூலகத்தின் பெயரையும் அழைப்பு எண்ணையும் உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் இது வராது. ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு பக்க எண்ணைச் சரிபார்க்க வேண்டி வரும்போது, அந்தப் புத்தகம் அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழக நூலகத்திலா, பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலா, கல்லூரி நூலகத்திலா என்று தேடாமல் போகலாம்.

கணினியில் வேலை செய்பவர்கள் ஸோட்டீரோ என்ற இலவச மென்பொருளைப் பழகிக்கொள்வது நல்லது. ஒருமுறை விவரம் கொடுத்துவிட்டால் எந்த முறையில் வேண்டுமானாலும் பட்டியலாக மாற்றித் தரும். ஆனால் தமிழ் நூல்களின் விவரத்தை இணையத்திலிருந்து அதுவாக எடுக்கவிடாமல், நீங்களே தலைப்புப் பக்கத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள். நூலக அட்டவணைகளில் தமிழ்ப் பெயர்கள் ரோமன் எழுத்தில் சிதைந்து கிடப்பது அடிக்கடி நடக்கிறது.

மூன்றாம் படி: அச்சு நூல்

அடிப்படை விவரங்கள் ஐந்து: ஆசிரியர், நூல்பெயர், பதிப்பு, வெளியிட்டவர் (ஊரோடு), ஆண்டு. முறைக்கு முறை மாறுவது பெரும்பாலும் இவற்றின் வரிசையும் நிறுத்தற்குறியும்தான். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை பதிப்பித்த ஒரு கதைப்பாடல் நூலை எடுத்துக்கொள்வோம்.

தமிழ்த் துறை வழக்கில்: வானமாமலை, நா. (ப.ஆ.), முத்துப்பட்டன் கதை, மதுரைப் பல்கலைக்கழகம், மதுரை, 1971.

ஏபிஏ முறையில்: வானமாமலை, நா. (பதி.). (1971). முத்துப்பட்டன் கதை. மதுரைப் பல்கலைக்கழகம்.

எம்எல்ஏ முறையில்: வானமாமலை, நா., பதிப்பாசிரியர். முத்துப்பட்டன் கதை. மதுரைப் பல்கலைக்கழகம், 1971.

ஏபிஏ 7ஆம் பதிப்பில் வெளியீட்டு ஊர் வராது என்பதைக் கவனியுங்கள். ‘ப.ஆ.’ (பதிப்பாசிரியர்) என்ற இரண்டு எழுத்து இங்கே பெரிய வேலை செய்கிறது. அந்தக் கதைப்பாடலை வானமாமலை இயற்றவில்லை, பதிப்பித்தார். ‘ப.ஆ.’ விட்டுப்போனால் நாட்டார் மரபின் பாடலை ஒரு தனி மனிதரின் படைப்பாக ஆக்கிவிடுவீர்கள். தொகுத்தவருக்குத் ‘தொ.ஆ.’, மொழிபெயர்த்தவருக்கு ‘மொ.பெ.’, உரை எழுதியவருக்கு ‘உ.ஆ.’ என்று அவரவர் செய்த வேலையைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நூலில் ‘மதுரைப் பல்கலைக்கழகம்’ என்றுதான் இருக்கும். அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது 1978இல். இன்றைய பெயரைப் போட்டுத் திருத்துவது உதவி போலத் தோன்றும், ஆனால் 1971இல் அந்தப் பெயரில் ஒரு வெளியீட்டாளரே கிடையாது. அச்சில் உள்ளதை அச்சில் உள்ளபடி எழுதுங்கள்.

வெளியீட்டு ஊரில் நம் பக்கத்து மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 1920இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலித் தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வெளியீடுகளைச் சங்க இலக்கியம் படிக்கும் யாரும் தொடாமல் இருக்க முடியாது. நிறுவனத்தின் பெயரிலேயே திருநெல்வேலி இருப்பதால் எல்லா நூலுக்கும் ஊர் திருநெல்வேலி என்று போட்டுவிடுகிறார்கள். கழக நூல்களில் சென்னையும் ஊராக அச்சாகியிருக்கும். தலைப்புப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள், இரண்டு ஊர் இருந்தால் முதலில் உள்ளதை எழுதுங்கள். ‘கழகம்’ என்று மட்டும் சுருக்குவது வகுப்பறைப் பேச்சுக்குச் சரி, பட்டியலில் முழுப்பெயர் வேண்டும்.

பெயர்களுக்கு வருவோம். மேல்நாட்டு முறைகள் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கின்றன. நமக்கு முன்னெழுத்தும் இயற்பெயரும்தான். எனவே இயற்பெயர் முன்னால், முன்னெழுத்து பின்னால்: ‘சிதம்பரம் பிள்ளை, வ.உ.’ என்றுதான் வரும், ‘வ.உ.சி.’ என்று ‘வ’ வரிசையில் தேடவிடக் கூடாது. தந்தை பெயரை விரித்து அதைக் குடும்பப் பெயர் ஆக்கிவிடும் பிழை ஆங்கிலக் கட்டுரைகளில் அதிகம். முன்னெழுத்து முன்னெழுத்தாகவே இருக்கட்டும்.

புனைபெயர் இன்னொரு சிக்கல். திருநெல்வேலி எழுத்தாளர்களில் பலர் புனைபெயரில்தான் அறியப்பட்டவர்கள். புதுமைப்பித்தன் என்று அட்டையில் இருந்தால் ‘புதுமைப்பித்தன்’ என்றே பதியுங்கள். விருத்தாசலம் என்று மாற்றினால் யாருக்கும் கிடைக்காது. வண்ணதாசன் சிறுகதைகளை அந்தப் பெயரிலும் கவிதைகளைக் கல்யாண்ஜி என்ற பெயரிலும் வெளியிட்டவர். இரண்டையும் நீங்கள் பயன்படுத்தினால், ஒவ்வொரு நூலையும் அதில் அச்சான பெயரிலேயே பதிந்து, ஓர் இடத்தில் ‘கல்யாண்ஜி: பார்க்க வண்ணதாசன்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சரி, இந்தப் படியில் மிக முக்கியமானது பதிப்பு. கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை மேற்கோள் காட்டாத நெல்லை ஆய்வேடு குறைவு. அந்த நூலின் முதற்பதிப்பு 1856இல் வந்தது. கால்டுவெல்லே விரிவாக்கித் திருத்திய இரண்டாம் பதிப்பு 1875. அவர் மறைந்தபின் வேறு இருவர் திருத்தி 1913இல் மூன்றாம் பதிப்பு வெளியிட்டார்கள். 1875இல் இருந்த சில பகுதிகள் 1913இல் இல்லை. பின்னால் வந்த மறு அச்சுகளில் 1913ஐ அடியொற்றியவையும் உண்டு. இந்த நிலையில் ஒருவர் 1913இன் மறு அச்சைப் படித்துவிட்டு, பழைமை தெரியட்டும் என்று ‘1856’ என்று எழுதினால், அவர் காட்டும் பக்கத்தில் வேறொன்று இருக்கும். சிலவேளை கால்டுவெல் எழுதாத திருத்தத்தைக் கால்டுவெல்லின் கூற்றாகவே சொல்லிவிட நேரும்.

அதனால் மறு அச்சைப் படித்தால் இரண்டு ஆண்டையும் சொல்லுங்கள். திருநெல்வேலி மாவட்ட வரலாறு பற்றிக் கால்டுவெல் எழுதிய நூல் 1881இல் சென்னை அரசு அச்சகத்தில் வந்தது. நீங்கள் படித்தது பின்னால் வந்த மறு அச்சு என்றால், ஏபிஏ முறையில் மறு அச்சின் ஆண்டையும் வெளியீட்டாளரையும் போட்டு, முடிவில் ‘மூல வெளியீடு 1881’ என்று அடைப்புக்குறிக்குள் சேருங்கள். தமிழ் வழக்கில் ‘மு.ப. 1881, ம.அ.’ (முதற்பதிப்பு, மறு அச்சு) என்று எழுதி மறு அச்சின் ஆண்டைப் போடலாம். பக்க எண் எப்போதும் கையிலிருக்கும் அச்சின் பக்க எண்தான். தமிழ் மொழிபெயர்ப்பைப் படித்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் பெயரோடு அந்தத் தமிழ் நூலைப் பதியுங்கள். ஆங்கில மூலத்தைப் பதியாதீர்கள்.

எச்.ஆர். பேட் என்பவர் தொகுத்து 1917இல் வந்த திருநெல்வேலி மாவட்ட கெசட்டியருக்கும் இதேதான். ஆசிரியர் பெயர், ‘மெட்ராஸ் மாவட்ட கெசட்டியர்கள்’ என்ற வரிசைப் பெயர், நூல்பெயர் மூன்றும் இருந்தால்தான் நூலகத்தில் எடுத்துத் தருவார்கள்.

நான்காம் படி: ஆண்டைக் கண்டுபிடிப்பது

பழைய நூல்களிலும் ஏடுகளிலும் கி.பி. ஆண்டு நேராக இருக்காது. பிரபவ முதலான அறுபது ஆண்டுப் பெயர்களில் ஒன்று இருந்தால் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். சர்வசித்து என்றால் 1887ஆகவும் இருக்கலாம், 1947ஆகவும் இருக்கலாம். தாள், எழுத்துரு, அச்சகம், முன்னுரையில் வரும் பெயர்கள் ஆகியவற்றைப் பார்த்து எது என்று முடிவு செய்ய வேண்டும். அந்த ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், தை, மாசி, பங்குனி என்று மாதம் கொடுத்திருந்தால் கி.பி.யில் ஓர் எண் கூடிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். மார்கழியின் பின்பாதிக்கும் அப்படித்தான்.

தெற்கே ஏடுகளில் கொல்லம் ஆண்டு (கேரளத்திலும் தென் தமிழகத்திலும் வழங்கிய ஆண்டுக் கணக்கு) அதிகம். வில்லுப்பாட்டுக் கதை ஏடுகளின் முடிவில் எழுதி முடித்த ஆண்டும் மாதமும் தேதியும் கொல்லத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்தில் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி தொடங்கி டிசம்பர் முடிய 824ஐக் கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி முடிய 825ஐக் கூட்டுங்கள். ஏட்டில் ௲௬௰ என்றிருந்தால் அது 1060. ஆவணி என்றால் 1884, தை என்றால் 1885. பட்டியலில் இரண்டையும் கொடுங்கள்: ‘கொல்லம் 1060 ஆவணி (கி.பி. 1884)’. நீங்கள் கணக்கிட்டது தவறென்றால் திருத்துவதற்கு மூலம் அங்கேயே இருக்கும்.

எந்த வகையிலும் ஆண்டு தெரியவில்லை என்றால் ‘ஆண்டு இல்லை’ என்று எழுதுவதே நேர்மை. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் இது சாதாரணம். அங்கே அச்சகத்தின் பெயரைச் சேர்த்தால் தேடுபவருக்கு உதவும்.

ஐந்தாம் படி: இதழ், கட்டுரை, ஆய்வேடு, செய்தித்தாள்

இவை எளிது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். தொகுப்பு நூலில் ஒரு கட்டுரையை மட்டும் எடுத்தால் கட்டுரை ஆசிரியர் முன்னால், கட்டுரைப் பெயர் மேற்கோள் குறிக்குள், பிறகு நூல்பெயர், பதிப்பாசிரியர், கட்டுரையின் தொடக்க முடிவுப் பக்கங்கள். ஆய்விதழ் என்றால் தொகுதி எண், இதழ் எண், மாதம் அல்லது காலாண்டு, ஆண்டு, பக்கங்கள். டிஓஐ எண் (இணையத்தில் ஒரு கட்டுரைக்கென்றே தரப்படும் நிலையான அடையாள எண்) இருந்தால் கட்டாயம் சேருங்கள்.

அச்சாகாத ஆய்வேட்டுக்கு ‘அச்சிடப்படாத முனைவர் பட்ட ஆய்வேடு’ என்று சொல்லி, துறை, பல்கலைக்கழகம், ஆண்டு. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் பார்த்தால் அதையும் குறியுங்கள்.

செய்தித்தாளில் பதிப்பைச் சொல்லுங்கள். ஒரே நாளின் ஒரே நாளிதழ் நெல்லைப் பதிப்பில் ஒரு செய்தியை 3ஆம் பக்கத்தில் போட்டிருக்கும், சென்னைப் பதிப்பில் அந்தச் செய்தியே இருக்காது. ‘திருநெல்வேலிப் பதிப்பு’ என்ற ஒரு சொல் விட்டுப்போனால் தேடுபவர் சென்னைக் கோப்பைப் புரட்டிவிட்டு அப்படி ஒரு செய்தியே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

சங்க இலக்கியம், குறள், தொல்காப்பியம், குற்றாலக் குறவஞ்சி போன்றவற்றுக்குக் கட்டுரைக்குள் பக்க எண் வேண்டாம். பாடல் எண், அடி எண், குறள் எண், நூற்பா எண் போதும். எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்பது பட்டியலில் வர வேண்டும், ஏனென்றால் பாடம் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

ஆறாம் படி: கல்வெட்டு, ஏடு, அரசுக் கோப்பு

கல்வெட்டை நீங்கள் கோயில் சுவரில் நேரில் படித்தீர்களா, அச்சான பாடத்தில் படித்தீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 5ஆம் தொகுதியிலும், பாண்டியர் கல்வெட்டுகளுக்கென்றே வந்த 14ஆம் தொகுதியிலும் நம் பகுதிக் கல்வெட்டுகள் நிறைய உள்ளன. அங்கிருந்து எடுத்தால் ‘தெ.இ.க., தொகுதி 14’ என்று தொடங்கி, கல்வெட்டு எண், ஊர், கோயில், மன்னன், ஆட்சியாண்டு என்று எழுதுங்கள். பக்க எண்ணைவிடக் கல்வெட்டு எண் முக்கியம். கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கையில் சுருக்கம் மட்டும் படித்திருந்தால் அறிக்கை ஆண்டையும் வரிசை எண்ணையும் கொடுங்கள். சுருக்கத்தைப் படித்துவிட்டு முழுப் பாடத்தைப் படித்தது போல எழுதுவது கல்வெட்டு அறிந்தவரிடம் உடனே வெளிப்பட்டுவிடும். நேரில் படித்தால் கோயில், சுவரின் திசை, படித்த நாள், படி எடுத்தீர்களா படம் எடுத்தீர்களா என்பது வேண்டும்.

ஏட்டுச்சுவடிக்கு நூலகத்தின் பெயரும் சுவடி எண்ணும்தான் உயிர். தனியார் வீட்டு ஏடு என்றால் ஊரையும், உடையவரின் ஒப்புதலோடு பெயரையும், பார்த்த நாளையும் எழுதுங்கள்.

அரசாணைக்கு எண், துறை, நாள். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்த்தது என்றால் காப்பகத்தின் பெயர், ஆவண வரிசை, தொகுதி எண்.

மாவட்டப் பெயரில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பழைய ஆவணங்களில் தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம், கோவில்பட்டி எல்லாம் திருநெல்வேலி மாவட்டம்தான். 1986இல் மாவட்டம் பிரிந்தது. அதற்குப் பிறகு சில ஆண்டுகள் ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’, ‘சிதம்பரனார் மாவட்டம்’ என்ற பெயர்களில் அரசு வெளியீடுகள் வந்தன. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த அலெக்சாண்டர் ரீயின் 1915 அட்டவணையில் திருநெல்வேலி என்று இருப்பதைத் தூத்துக்குடி என்று மாற்றாதீர்கள். இன்றைய மாவட்டம் சொல்ல வேண்டுமென்றால் உங்கள் கட்டுரையில் சொல்லுங்கள், பட்டியலில் மூலத்தின் பெயர் அப்படியே நிற்கட்டும்.

ஏழாம் படி: வாய்மொழிச் சான்று

பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் படிப்பவர்களுக்கு இது பாடத்திலேயே வரும். ஆனால் வரலாறோ சமூகவியலோ படிப்பவர்கள் களத்துக்குப் போய்விட்டு, ‘ஊர்ப் பெரியவர்கள் கூறினர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். களத்தில் நமக்கு நேரம் ஒதுக்கிப் பேசிய ஒருவருக்கு, அச்சில் எழுதியவருக்குக் கொடுக்கும் அதே மரியாதை கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். குறிப்பேட்டில் ‘கடை அண்ணாச்சி சொன்னது’, ‘கோயில் வீட்டு ஆச்சி’ என்று எழுதியிருக்கலாம். பட்டியலுக்கு வரும்போது அவர்களுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு.

தகவலாளர் பட்டியலைத் தனியாகப் பின்னிணைப்பில் கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, தொழில், ஊர், வட்டம், மாவட்டம். நேர்காணல் நடந்த இடம், நாள். ஒலிப்பதிவா, காணொளியா, கைக்குறிப்பா. கட்டுரைக்குள் ‘தகவலாளர் 4’ என்றோ பெயரைச் சொல்லியோ சுட்டலாம். ஏபிஏ முறையில் நேர்காணல், தனிப்பட்ட தொடர்பு என்ற வகையில் கட்டுரைக்குள் மட்டும் வரும், முடிவுப் பட்டியலில் வராது. அப்படிப்பட்ட துறையில் படித்தால் பின்னிணைப்பு இன்னும் அவசியம்.

பெயர் போட ஒப்புதல் கேளுங்கள். சாதி மோதல், நிலத் தகராறு, குடும்ப விஷயம் என்று எதையாவது ஒருவர் நம்பிச் சொல்லியிருந்தால் பெயரை மறைத்து, ஊரையும் பொதுவாகவே சொல்ல வேண்டும். மாற்றுப் பெயர் என்று குறிப்பிட்டுவிட்டால் அது ஆய்வு நெறிக்கு உட்பட்டதுதான்.

வில்லுப்பாட்டுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். சுடலைமாடன் கதையை ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதமாகப் பாடும். ஒரே புலவர் ஒரு கொடையில் (கோயில் திருவிழாவில்) விரித்துப் பாடியதை இன்னொரு கொடையில் சுருக்குவார். ஆகவே ‘சுடலைமாடன் கதை, வாய்மொழி’ என்பது சான்றே ஆகாது. பாடியவர், குழு, எந்தக் கோயில், எந்தக் கொடை, நாள், இரவில் எந்தப் பகுதியில் பாடியது, பதிவு செய்தவர் யார் என்பவை வேண்டும். பதிவை நீங்கள் செய்யாமல் வேறொருவரிடமிருந்து வாங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

எட்டாம் படி: இணையம்

ஆசிரியர், தலைப்பு, தளத்தின் பெயர், வெளியிட்ட நாள், முகவரி, நீங்கள் பார்த்த நாள். தளம் மாறிக்கொண்டே இருப்பதால் பார்த்த நாள் முக்கியம். பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்தும் வையுங்கள். யூடியூப் காணொளிக்குச் சேனல் பெயர், பதிவேற்றிய நாள், எந்த நிமிடத்தில் அந்தப் பேச்சு வருகிறது என்பது.

தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் நூலின் பக்கப் படத்தைப் படித்தால் அது அச்சு நூலேதான். அச்சு நூலாகவே பதிந்து, கடைசியில் தளத்தைச் சேருங்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் தட்டச்சு செய்யப்பட்டவை, அச்சின் பக்க எண் அங்கே பொருந்தாது. மின்னூலைப் பயன்படுத்திவிட்டு அச்சுப் பதிப்பைப் பதிவது வேண்டாம். விக்கிப்பீடியாவை வழிகாட்டும் பலகையாக வைத்துக்கொண்டு, அங்கே சொல்லியிருக்கும் நூலைத் தேடிப் படித்து அதைப் பதியுங்கள்.

ஒன்பதாம் படி: கையில் படாத நூல்

ஒரு நூலில் இன்னொரு நூலின் மேற்கோளைப் பார்க்கிறீர்கள். மூல நூல் கிடைக்கவில்லை. அப்போது மூல ஆசிரியர் பெயரைச் சொல்லி, ‘மேற்கோள்:’ என்று நீங்கள் படித்த நூலைக் கொடுங்கள். முடிவுப் பட்டியலில் நீங்கள் படித்த நூல் மட்டும் வரும். இப்படிச் சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. மூலத்தைப் பார்த்ததாகக் காட்டிக்கொண்டால், இடையில் இருந்தவர் செய்த அச்சுப் பிழையும் உங்கள் பெயரில் வந்து சேரும். ஆனால் உங்கள் வாதம் முழுக்க அந்த ஒரு மேற்கோளில் நிற்கிறது என்றால், சென்னைக்கோ மதுரைக்கோ போயாவது மூலத்தைப் பார்த்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் ‘இந்தத் தலைப்புக்கு பத்து நூல் சொல்’ என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அவை இல்லாத நூலுக்கு ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் பொருத்தமாகச் சேர்த்துத் தந்துவிடும். நெல்லை வட்டாரம் போன்ற, இணையத்தில் தகவல் குறைந்த பொருள்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். எந்தப் பதிவானாலும் நூலக அட்டவணையில் தேடி, நூலைத் திறந்து, பக்கத்தைப் பார்த்த பிறகே பட்டியலில் ஏற வேண்டும்.

பத்தாம் படி: கட்டுரைக்குள் சுட்டுவது

கட்டுரையில் வரும் சுட்டும் முடிவுப் பட்டியலும் ஒன்றுக்கொன்று பிடி கொடுக்க வேண்டும். ஏபிஏ என்றால் ‘(வானமாமலை, 1971, ப. 25)’ என்ற மாதிரியில் பெயர், ஆண்டு, பக்கம். எம்எல்ஏ என்றால் பெயரும் பக்கமும். இந்த இரண்டிலும் ஆசிரியர்கள் மூவரோ அதற்கு மேலோ இருந்தால் முதற்பெயரோடு ‘மற்றும் பலர்’ என்று சுட்டலாம். பட்டியலில் ஏபிஏ இருபது பேர் வரை எல்லாப் பெயரையும் கேட்கும். தமிழ் வழக்கில் அடுத்தடுத்து அதே நூல் வந்தால் ‘மேலது, ப. 30’ என்று எழுதுவோம். இடையில் ஒரு சான்று புதிதாகச் செருகினால் ‘மேலது’ வேறு நூலைக் காட்ட ஆரம்பித்துவிடும். அதனால் வரைவு நிலையில் ‘மேலது’ எழுதவே எழுதாதீர்கள், எல்லாம் முடிந்தபின் மாற்றிக்கொள்ளலாம்.

சொல்லை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியும் சுட்டும் வேண்டும். கருத்தை உங்கள் சொல்லில் சொன்னாலும் சுட்டு வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்குக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. துணைநூற்பட்டியல் நீளமாக இருந்தால் ஒப்புமை ஏறிவிடும் என்று பயந்து பதிவுகளை வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். முறையாகச் சான்று காட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் அந்தக் கணக்கில் சேராது என்று அதே விதிமுறை சொல்கிறது.

பதினோராம் படி: வரிசைப்படுத்திச் சரிபார்ப்பது

தமிழ் நூல்கள் தமிழ் அகர வரிசையில், ஆங்கில நூல்கள் தனியாக ஆங்கில வரிசையில். கணினியை நம்பி வரிசைப்படுத்தினால் ஒருமுறை கண்ணால் பாருங்கள். யூனிகோடு எண் வரிசையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து இருக்கிறது. அந்த எண்ணை மட்டும் பார்க்கும் மென்பொருளில் கனகசபை கமலாவுக்கு முன்னால் போய் நிற்பார். மெய்யெழுத்து முன்னால் வர வேண்டிய இடத்தில் கணபதி வந்து, கண்ணன் பின்னால் தள்ளப்படுவார். ஜ, ஸ, ஹ போன்றவற்றில் தொடங்கும் பெயர்கள் தமிழ் எழுத்துகளுக்குப் பின் வர வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் வரிசை முற்றிலும் குழம்பிப்போகும், முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தட்டச்சு நிலையத்தில் கொடுப்பவர்கள் யூனிகோடில் அடித்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே ஆசிரியரின் பல நூல்கள் ஆண்டு வரிசையில் வரட்டும். ஒரே ஆண்டில் இரண்டு இருந்தால் 1971அ, 1971ஆ என்று பிரித்து, கட்டுரைக்குள்ளும் அப்படியே மாற்றுங்கள்.

கடைசியாக, பட்டியலை அச்செடுத்து ஒரு நண்பரிடம் கொடுங்கள். அவர் கட்டுரையைப் பக்கம் பக்கமாகப் புரட்டி ஒவ்வொரு சுட்டையும் வாசிக்க, நீங்கள் பட்டியலில் அந்தப் பதிவுக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். சுட்டு இருந்து பதிவு இல்லாதவை அப்போதே தெரியும். முடிவில் கோடு விழாத பதிவுகள் எவை என்று பார்த்து, துறை வழக்குப்படி நீக்குங்கள் அல்லது வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது பத்துப் பதிவுகளைத் தேர்ந்தெடுத்து, தலைப்புப் பக்கப் படத்தோடும் பக்க எண்ணோடும் ஒப்பிடுங்கள். பத்தில் ஒன்று தவறினாலும் முழுப் பட்டியலையும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வாரமாவது ஆகும், ஆகவே பைண்டிங் தேதிக்கு முன்னால் அந்த ஒரு வாரத்தை இப்போதே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.